ஏழாம் வாய்ப்பாட்டு வேகம்: கொழும்பில் அரை மரதனுக்கும் மலையோட்டத்துக்கும் தயாராவது

அதிகாலை 4.40க்கு வெள்ளவத்தை ரயில் நிலையத்துக்கு எதிரே மரைன் டிரைவில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். வெயில் வர இன்னும் நேரம் இருக்கிறது. ஆனாலும் முதல் கிலோமீட்டர் முடிவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிவிடும். கொழும்பில் ஓட்டக்காரரை விழுத்துவது தூரத்தைவிடப் புழுக்கம்தான். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். நம் ஊர்க் காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே போகிறது. சொட்டிய வியர்வையால் உடலுக்கு ஒரு பயனும் இல்லை. இதயமோ கால்களுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய பயிற்சி அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதில் உள்ள வேகத்தில் இங்கே ஓட முயல்பவர்கள் ஆறாவது வாரத்தில் சோர்ந்து விட்டுவிடுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே முதல் பாடம், மெதுவாக ஓடுவது. எவ்வளவு மெதுவாக? நான் சாதாரண தர மாணவர்களுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். என்னிடம் ஓட்டம் பழக வருபவர்களுக்கு நான் கொடுக்கும் அளவுகோல் ஏழாம் வாய்ப்பாடு. ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடுங்கள். ஒவ்வொரு வரியையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. 'ஈரேழு' என்று தொடங்கி மூச்சு வாங்கிவிட்டுப் 'பதினான்கு' என்று முடித்தால் வேகம் கூடிவிட்டது, குறையுங்கள். கைக்கடிகாரம் காட்டும் வேகம் முன்தினத் தூக்கத்தையோ இன்றைய புழுக்கத்தையோ அறியாது. மூச்சுக்கு இரண்டும் தெரியும். வாரத்தில் நான்கு நாள் ஓடினால் மூன்று நாள் இந்த வேகத்தில்தான் ஓட வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது என் முதல் அரை மரதனில். அப்போது எனக்கு 38 வயது. கூட்டத்தோடு கூட்டமாக முதல் ஐந்து கிலோமீட்டரையும் தலா 6 நிமிடம் 10 விநாடியில் ஓடினேன். 14ஆவது கிலோமீட்டர் தண்ணீர்ப் பந்தலில் வெற்றுப் போத்தல்கள் மட்டுமே கிடந்தன. 17இல் நடக்கத் தொடங்கினேன். 2 மணி 51 நிமிடத்தில் முடித்துவிட்டு, நடைபாதை ஓரத்தில் அமர்ந்து அழுதேன். அடுத்த ஆண்டு அதே தூரத்தை 2 மணி 27 நிமிடத்தில் முடித்தேன். பயிற்சியின் அளவு ஏறக்குறைய அதேதான். தொடக்கத்தை மாற்றினேன், அவ்வளவே.

கணக்கைப் பாருங்கள். அரை மரதனின் 21.1 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி வேண்டும். முதல் ஐந்து கிலோமீட்டரை 7 நிமிடம் 20 விநாடி வீதம் ஓடினால் இழப்பது 70 விநாடி. மிச்சமுள்ள 16 கிலோமீட்டரில் ஒவ்வொன்றிலும் நான்கைந்து விநாடி கூட்டினால் அது திரும்பிவிடும். வேகமாகத் தொடங்கி 17இல் நடக்க நேர்ந்தாலோ ஒரு கிலோமீட்டருக்கே மூன்று நிமிடத்துக்கு மேல் போய்விடும்.

நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓட முடிந்தவருக்குப் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதும். நீண்ட ஓட்டத்தை இப்படி ஏற்றுங்கள்: 6, 7, 8, 6, 9, 10, 12, 9, 14, 16, 18, 13, 8. பதினான்காவது ஞாயிறு போட்டி. இடையிடையே தூரம் இறங்குவதைத் தவறவிடாதீர்கள். எலும்பும் தசைநாரும் உரம்பெறுவது அந்த வாரங்களில்தான். வாரநாட்களில் இரண்டு தடவை 5 அல்லது 6 கிலோமீட்டர் மெதுவாகவும், ஒரு தடவை சிறிது வேகமாகவும் ஓடுங்கள். அந்த வேகநாளில் பத்து நிமிடம் உடலைச் சூடாக்கி, மூன்று நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நடை என்று ஐந்து முறை செய்தால் போதும். போட்டிக்கு முன்பே 21 கிலோமீட்டர் ஓடிப் பார்க்க வேண்டும் என்று பலர் துடிக்கிறார்கள். தேவையில்லை. 18 ஓடியவருக்கு மீதி மூன்று கிடைத்துவிடும்.

எங்கே ஓடுவது? எனக்கு மரைன் டிரைவ். வெள்ளவத்தை நிலையத்திலிருந்து வடக்கே போய், கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கு ஏறி, காலிமுகத்திடலின் மறுமுனையைத் தொட ஏறக்குறைய 6 கிலோமீட்டர். திரும்பி வந்தால் 12. திடலின் நீளம் அரை கிலோமீட்டர் அளவு. போய் வருவது ஒரு கிலோமீட்டர் என்று வைத்து, 14, 16, 18 தேவைப்படும் ஞாயிறுகளில் திடலிலேயே சுற்றிக் கூட்டிக்கொள்வேன். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் அமைத்த நடைவழி அது. இன்றும் விடியுமுன் அதைவிட விசாலமான, காற்றோட்டமான இடம் நகருக்குள் இல்லை. வாகனத்துக்கு அஞ்சுபவர்களுக்குச் சுதந்திர சதுக்கமும் விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றியுள்ள நடைபாதையும் நல்லவை. பத்தரமுல்லைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தியவன்னா ஓயாக் கரையோரப் பாதைகள் இருக்கின்றன. விடியுமுன் தனியே ஓடும் பெண்களிடம் ஒன்று சொல்கிறேன்: இருவராக ஓடுங்கள். அதற்காக ஒருவரின் வேகத்துக்கு மற்றவர் இறங்கிவர வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

தெருநாய்கள் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, கண்ணைப் பாராமல், பக்கவாட்டாகத் திரும்பி மெல்ல நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசாங்க மருத்துவமனைக்குப் போய் விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். சிறிய கீறல்தானே என்று விட வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு குடிப்பது என்பதை ஊகிக்காமல் அளந்து பாருங்கள். ஓடுமுன் எடை பாருங்கள், ஓடி முடித்து உடலைத் துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். ஒரு ஞாயிறு நான் 58.4 கிலோவில் புறப்பட்டேன். ஒன்றரை மணி நேரம் ஓடி, நடுவில் அரை லீற்றர் குடித்துத் திரும்பியபோது 57.2. குறைந்த 1.2 கிலோவோடு குடித்த அரை லீற்றரையும் கூட்டினால் 1.7 லீற்றர் வியர்வை. மணிக்கு ஒரு லீற்றருக்கும் மேல். இதையெல்லாம் ஓட்டத்திலேயே ஈடுசெய்ய முடியாது, வயிறு ஏற்காது. தாகத்தைக் கேட்டு மணிக்கு 400 முதல் 600 மில்லிலீற்றர் வரை சிறு மிடறுகளாகக் குடித்தால் போதும். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் அதுதான் கவலைக்குரியது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து, தலைவலியில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் ஓட்டங்களுக்கு நான் ஜீவனி என்ற நீரிழப்பு உப்புப் பொதி ஒன்றை ஒரு லீற்றரில் கரைத்து எடுத்துப் போகிறேன். இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். செவ்விளநீர் ஓடி முடித்தபின் குடிக்க அருமையானது. ஆனால் வியர்வையில் போகும் உப்பு அதில் போதாது, கூடவே உப்புச் சேர்ந்த எதையாவது சாப்பிடுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில், 19ஆவது கிலோமீட்டரில், எனக்கு முன்னே ஓடிக்கொண்டிருந்த இளைஞன் வீதியின் குறுக்கே மதிலை நோக்கிப் போவதைக் கண்டேன். காலை எட்டு மணி கடந்திருந்தது. அருகில் போய், "தம்பி, பெயர் என்ன?" என்றேன். "இன்னும் இரண்டு சுற்று" என்றான். அந்தப் போட்டியில் சுற்றே கிடையாது. தோளைத் தொட்டேன், அடுப்பில் வைத்த சட்டி போலச் சுட்டது. உடல் முழுக்க வியர்வை வழிந்துகொண்டிருந்தது. வியர்க்கிறதே, ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது வரும் வெப்ப அதிர்ச்சியில் வியர்வை நிற்க வேண்டும் என்பதில்லை. பேச்சு தடம் மாறுவதே அடையாளம். நிழலில் கிடத்தினோம். ஒருவர் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைத்தார். எதிரே மீன் விற்றுக்கொண்டிருந்த ஐயா ஒரு சொல்லும் கேட்காமல் பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் வாளியில் கொட்டித் தண்ணீரோடு தூக்கி வந்தார். துவாய்களை அதில் தோய்த்து, தலை, கழுத்து, மார்பு, தொடை என்று மாற்றி மாற்றிப் போர்த்தினோம். சூடேறிய துவாயை உடனே எடுத்துப் புதியதைப் போட்டோம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கண்ணைத் திறந்து தன் பெயரைச் சொன்னான். முதலில் குளிர்விப்பது, அதன்பிறகே ஏற்றிப் போவது. இந்த வரிசையை ஓடும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மீன் வாடை வீசிய அந்த ஈரத் துவாய்களை நான் மறக்கவே மாட்டேன்.

காய்ச்சல் இருக்கும்போது ஓடாதீர்கள். இது டெங்கு ஊர். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர இபுபுரூபன், அஸ்பிரின் போன்றவை வேண்டாம், இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். போட்டி நாளில் முழங்கால் வலிக்கும் என்று முன்கூட்டியே வலிநிவாரணி விழுங்குவதும் கூடாது. நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

உணவு எளிய விடயம். முன்னிரவு இடியப்பமும் சொதியும். குரக்கன் நல்லதுதான், ஆனால் நார் அதிகம், போட்டிக்கு முன்னிரவில் வேண்டாம். விடியற்காலையில் இரண்டு கதலி வாழைப்பழம், ஒரு துண்டு பாண், சீனி போட்ட வெறுந்தேநீர். வழியில் எனக்குப் பனங்கட்டி. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஓலைக் குட்டானில் அனுப்புவதைச் சிறு துண்டுகளாக உடைத்துப் பொலித்தீனில் சுற்றி இடுப்புப் பையில் வைப்பேன். முதல் முக்கால் மணி நேரம் கழிந்தபின், அரைமணிக்கு ஒரு தடவை 15 கிராம் அளவு, கூடவே இரண்டு மிடறு தண்ணீர். எதைச் சாப்பிடுவதானாலும் ஞாயிற்று ஓட்டங்களில் பழக்கிவிட்டுப் போட்டிக்குக் கொண்டுபோங்கள். சப்பாத்துக்கும் காலுறைக்கும் இதே விதிதான். உடலில் உராயும் இடுக்குகளில் வாசலின் தடவ மறக்காதீர்கள்.

இனி மலை.

கொழும்பு சமதரை. ஏற்றத்துக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு வெள்ளவத்தையின் தொடர்மாடிகளையே காட்டுவேன். எங்கள் கட்டடத்துக்கு எட்டு மாடி. தரையிலிருந்து மேல்மாடி வரை 20 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பத்துத் தடவை ஏறினால் 200 மீட்டர். மின்தூக்கியில் இறங்காமல் படிகளிலேயே இறங்குங்கள். மலையோட்டத்தில் தொடைகளை முறிப்பது இறக்கம்தான். ஆறு வாரம் படியிறங்கிப் பழகிய தொடைக்கும் பழகாத தொடைக்கும் உள்ள வேறுபாடு அடுத்தநாள் காலையில் தெரியும். காவலாளி ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அயலவர்கள் தூங்கும் நேரத்தில் சப்பாத்துச் சத்தம் கேட்காமல் கால் வைக்கப் பழகுவதும் நல்ல பயிற்சிதான். இறக்கத்தில் குறுகிய எட்டு, மெல்லிய பாதம் என்பதே முறை.

மலையில் கிலோமீட்டர்க் கணக்கை விட்டு மணிக்கணக்குக்கு மாறுங்கள். வீதியில் 2 மணி 27 நிமிடத்தில் முடித்த அதே 21 கிலோமீட்டர், 1,000 மீட்டர் ஏற்றமுள்ள மலைப்பாதையில் எனக்கு 4 மணி 10 நிமிடம் எடுத்தது. மலையேறுபவர்களிடம் உள்ள பழைய கணக்கு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டுவது. விண்ணப்பிக்கும்போது தூரத்தைவிட மொத்த ஏற்றத்தையும் முடிவு நேர எல்லையையும் முதலில் பாருங்கள். செங்குத்தில் நடப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். கைகளைத் தொடையில் ஊன்றி நடப்பவர், குதித்துக் குதித்து ஓடுபவரை உச்சிக்கு முன்பே பிடித்துவிடுவார். ஏழாம் வாய்ப்பாடு அங்கேயும் பொருந்தும்.

பழகுவதற்குப் பீக்கோ டிரெயில் போல வேறொன்று இல்லை. கண்டி ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகத்துக்கு அருகில் தொடங்கி நுவரெலியா வரை, 22 பகுதிகளாக, 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதை. தேயிலைக் காலத்து வண்டித்தடங்களும் தோட்டப் பாதைகளும் இணைந்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் வழியில் வருகிறது. புறக்கோட்டையிலிருந்து 1ஆம் இலக்க பஸ்சில் கண்டிக்குப் போய் அங்கிருந்து ஹந்தானைக்கு ஓட்டோ பிடிக்கலாம். முதல் தடவை முழுப் பகுதியையும் நடந்தே பாருங்கள்.

தமிழ் பேசும் நமக்கு அங்கே ஒரு பெரிய கொடை இருக்கிறது. வழி கேட்கலாம். ஒருமுறை தேயிலைச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்காவிடம், "இந்தப் பாதை மேலே சேருமா, அக்கா?" என்றேன். "சேரும். ஆனால் அந்தத் தண்ணீர்க் கானுக்கு மேலே குளவிக் கூடு இருக்கிறது, தங்கச்சி. கீழே லயத்து வீடுகள் பக்கமாகச் சுற்றிப் போங்கள்" என்றார். எந்த வரைபடத்திலும் இல்லாத செய்தி அது. மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு உயிரிழப்பது நாம் பத்திரிகையில் அடிக்கடி படிப்பது. குளவிக் கூடு கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு, முடிந்த அளவு தூரம் ஓடுங்கள். கொழுந்து மூட்டையைச் சுமந்து வருபவருக்குப் பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். அது அவர்களுடைய வேலைத்தளம், நாம் விருந்தாளிகள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இனிப்புக் கடுதாசி ஒன்றைக்கூட அங்கே போட்டுவிட்டு வராதீர்கள்.

மழைக்குப் பிறகு அட்டை ஏறும். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறைமேல் சவர்க்காரம் தேய்த்துவிடுங்கள். கடித்த அட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள். மெல்லிய முனை வாய்ப்பக்கம். அதற்கு அருகே நகத்தைப் படுத்தபடி வைத்துத் தோலோடு வழித்தால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் கசிவு நீடிக்கும், பயப்பட வேண்டாம். சுத்தமாகக் கழுவி அழுத்திக் கட்டுங்கள். இதைவிடக் கவனிக்க வேண்டியது, காலில் புண்ணோடு வயல்சேற்றையும் தேங்கிய நீரையும் கடப்பது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். அடுத்த இரண்டு வாரங்களில் காய்ச்சலும் தசைநோவும் வந்தால், சேற்றில் ஓடியதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் திரளும். நண்பகலுக்கு முன் திறந்த முகடுகளை விட்டு இறங்கிவிட வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால் அந்த வாரம் மலைக்குப் போகவே வேண்டாம், பணம் கட்டிய போட்டியானாலும் சரி. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை இறங்கும். 1,868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் கொழும்பைவிடப் பன்னிரண்டு பாகை குளிர். ஓடும்போது தெரியாது. கால் புரண்டு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் நடுக்கம் தொடங்கும். மெல்லிய மழையங்கி, விசில், தலையில் கட்டும் விளக்கு, ஒரு பந்தனத் துணி, மின்னேற்றிய கைத்தொலைபேசி, காகிதத்தில் எழுதிய வீட்டுத் தொலைபேசி இலக்கம் ஆகியவை என் முதுகுப்பையில் எப்போதும் இருக்கும். தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத பள்ளத்தாக்குகள் நிறைய. பாதையை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழுவி, உள்ளடியை வெளியே எடுத்து, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஈரத்தாளை எடுத்துப் புதியதை வையுங்கள். மொட்டைமாடி வெயிலில் காய வைத்தால் அடிப்பசை விட்டுவிடும். ஞாயிறு மாலைக்குள் மூன்று தடவை தாள் மாற்றினால் செவ்வாய் 4.40க்கு உலர்ந்த சப்பாத்தோடு கடற்கரைக்கு இறங்கலாம்.